மே கடைசியில் போனால் டூலிப் இருக்காது

ஆசிரியருக்கு,

கோடை விடுமுறையில் ஐரோப்பா போகிறவர்களுக்கு உங்கள் பயணப் பக்கத்தில் நெதர்லாந்தின் கியூகென்ஹாஃப் டூலிப் பூந்தோட்டத்தைப் பரிந்துரைத்திருந்தீர்கள். நல்ல இடம்தான், ஆனால் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது. லிஸ்ஸே என்ற சிற்றூரில் உள்ள அந்தத் தோட்டம் வருடத்துக்கு எட்டு வாரம்தான் திறந்திருக்கும், மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை. நம் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து, சாவகாசமாக மே கடைசியில் போனால் பூட்டிய கேட்டைத்தான் பார்க்க வேண்டும். ஏப்ரல் நடுவில் போவதுதான் சரி.

ராயக்கோட்டையில் சாமந்தி போடுகிற நான், மகளைப் பார்க்கப் போனபோது ஒருநாள் அங்கே போயிருந்தேன். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்தே சீசனில் நேரடி பஸ் உண்டு. டிக்கெட்டை நேரம் குறித்து முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள், அப்புறம் ஒரு ஸ்வெட்டரும் குடையும் கட்டாயம். 32 ஹெக்டேரில் சுமார் 70 லட்சம் கிழங்குகளை இலையுதிர் காலத்திலேயே கையால் நட்டுவிடுகிறார்கள், குளிர் பட்டால்தான் பூக்குமாம்.

தோட்டத்தைவிட என் மனதில் நின்றது வெளியே இருந்த வயல்தான். நன்றாக மலர்ந்த டூலிப் தலைகளை மெஷின் வைத்துக் கொய்து, வரப்போரம் குவித்திருந்தார்கள். பூவுக்குப் போகும் சத்து கிழங்குக்கு இறங்க வேண்டும், அவர்களுக்கு விற்பனை கிழங்கில். கிலோ விலைக்கு விடியற்காலையில் சந்தையில் மல்லுக்கட்டுகிற எனக்கு அந்தக் குவியலைத் தாண்டி நடக்கவே மனம் வரவில்லை.

அடுத்த முறை எழுதும்போது தேதியையும் போடுங்கள்.

ஒரு வாசகர்,
ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்