மாரிக்கு முன்னம் வாருங்கள்: பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாண மாவட்டத்தின் 13 பிரதேச சபைகளின் தவிசாளர்கள், உறுப்பினர்கள், செயலாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

2024 கார்த்திகை வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரவிரவாகப் பெய்த மழை விடிந்தும் விடவில்லை. எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர். முடக்கில் இருக்கும் மதகுக்குள் அது இறங்கவே இல்லை. பக்கத்து வீட்டு அண்ணையும் நானும் அலவாங்கை விட்டுக் கிண்டினோம். முதலில் ஒரு சீமெந்துப் பை வந்தது. பிறகு தண்ணீர் குடித்து ஊதிப்போன பம்பர்ஸ் நாலைந்து, யாரோ சோற்றோடு கட்டி வீசிய பொலித்தீன் பை, கடைசியில் ஒரு இளநீர்க் கோம்பை. அது கழன்றதும் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. அரை மணித்தியாலத்தில் ஒழுங்கை தெரிந்தது. ஆனால் அதற்குள் மூன்று வீட்டுக் கிணறுகளில் வெள்ளம் கட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டது. அண்ணை தன் கிணற்றில் ஒரு வாளி அள்ளி, மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அதை முற்றத்தில் ஊற்றினார்.

அந்த வாய்க்காலைத் துப்புரவாக்கும்படி புரட்டாதியிலேயே சபைக்குக் கடிதம் கொடுத்திருந்தோம். மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வந்தது மார்கழி நடுவில். எந்தச் சபை என்று எழுத வேண்டியதில்லை. இதை வாசிக்கும் பலர் தங்கள் ஊர் என்றே நினைப்பார்கள்.

அப்போது உங்களில் தவிசாளர்களும் உறுப்பினர்களும் சபையில் இல்லை என்பதும் தெரியும். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு, 2025 மே 6 தேர்தல் வரை இரண்டு வருடத்துக்கு மேல் மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இருக்கவில்லை. இருந்த அதிகாரிகள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். ஆனால் மழைக்கு முதல் எந்த மதகு அடைபடும் என்பதை அலுவலக மேசையில் இருந்து சொல்ல முடியாது. வட்டாரத்துக்குள் நடந்து திரிகிறவருக்குத்தான் தெரியும். இப்போது நீங்கள் வந்துவிட்டீர்கள். அதனால்தான் இந்த மடலை மாரிக்கு முதலே எழுதுகிறேன்.

எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் சேருகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழைதான் எங்களுக்கு வருடம் முழுவதற்குமான தண்ணீர். அது சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு படையாக நிற்கிறது. நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது புதினம் இல்லை: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. மணல் தண்ணீரை வடிகட்டும். வெடித்த சுண்ணக்கல்லுக்கு அந்தக் குணம் குறைவு. மேலே என்ன கிடக்கிறதோ, அது கரைந்து அப்படியே கிணற்றுக்கு வந்து சேரும். வலிகாமத்தில் பல தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று, குடிநீருக்கான எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிகளும் அதற்குப் பெரிய காரணங்கள். சரி, அது முழுக்க உங்கள் கையில் இல்லை. ஆனால் குப்பை கொட்ட ஒரு பள்ளக் காணியைத் தேடுகிறபோது, அந்தப் பள்ளம்தான் எங்கள் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கும் வாசல் என்பதை மறந்துவிடாதீர்கள்.

குப்பையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரத்தையும் பொது வசதிகளையும் தெருக்களையும் உங்களிடம் ஒப்படைக்கிறது. சபை சேர்த்தெடுக்கும் குப்பை சபையின் சொத்து என்றும் அதே சட்டம் சொல்கிறது. சொத்து என்றால் அதற்கு ஒரு பெறுமதி உண்டு. உக்குவதைப் பசளையாக்கி விற்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் நடப்பது வேறு. உக்குவது ஒரு பையிலும் உக்காதது இன்னொரு பையிலுமாகப் பிரித்து வாசலில் வைக்கிறோம். உழவு இயந்திரப் பெட்டிக்குள் இரண்டும் ஒன்றாக விழுகின்றன. "ஏன் அப்பா பிரிக்கிறோம்?" என்று என் மகள் கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. இதற்குப் புது வாகனம் தேவையில்லை. செவ்வாய் உக்குவது, வெள்ளி உக்காதது என்று நாளைப் பிரித்தாலே போதும். அந்தப் பெட்டியில் ஏறி நின்று வெறுங்கையால் பை பிரிக்கிற தொழிலாளர்களுக்கு நல்ல கையுறையும் சப்பாத்தும் வாங்கிக் கொடுங்கள். எங்கள் வருத்தங்களை முதலில் சுமப்பவர்கள் அவர்கள்தான்.

பொலித்தீனை வெளியில் எரிப்பது 2017 செப்ரெம்பரிலிருந்து தடை. இன்றைக்கும் பின்னேரம் ஐந்து மணிக்கு எந்தச் சந்தைக்குப் பின்னால் போனாலும் அந்த மணம் வரும்.

குளங்களும் கேணிகளும் இதோடு சேர்ந்தவைதான். வெள்ளம் போய்ச் சேரவும் மழைத்தண்ணீர் நிலத்துக்குள் இறங்கவும் எங்கள் முன்னோர் வெட்டி வைத்த இடங்கள் அவை. ஒன்று கமநல அபிவிருத்தித் திணைக்களத்துடையது, ஒன்று கோயிலுடையது, ஒன்று சபையுடையது. ஆருடையது என்ற கேள்விக்குள் வருடங்கள் போக, ஒவ்வொரு மாரிக்கும் கரை கொஞ்சம் உள்ளே வருகிறது. அடுத்த கோடைக்கு அதன் மேல் மதில் எழும்புகிறது. தூர்வாருவது பிறகு இருக்கட்டும். முதலில் உங்கள் வட்டாரத்துக் குளங்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து, எல்லைக் கல் போடுங்கள். பட்டியலில் இல்லாத குளத்தை ஒருவராலும் காப்பாற்ற முடியாது.

2024 மார்கழியில் வெள்ளம் வடிந்த கையோடு எலிக்காய்ச்சல் வந்து உயிர்களைக் கொண்டுபோனது. டெங்கும் வழமையாக மார்கழி, தையில்தான் கூடும். ஒரு வாய்க்காலைப் புரட்டாதியில் வெட்டுவதா, மார்கழியில் வெட்டுவதா என்பதில் இவ்வளவும் இருக்கிறது.

வேலையை முழுக்க நீங்களே தூக்கிச் சுமக்க வேண்டாம். ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறது. பத்திரிகை வாசிக்க வருகிற பெரியவர்களைக் கேட்டால், எந்த வாய்க்கால் எங்கே தொடங்கி எந்தக் குளத்தில் விழுந்தது, எந்த ஆண்டு எந்த மதகு மூடப்பட்டது என்று விரல் விட்டுச் சொல்வார்கள். ஆவணியில் ஒரு பின்னேரம் அங்கே வந்து இருங்கள். அடைபட்ட மதகுகளை எழுதி, எந்தத் திகதிக்குள் எது என்று அந்த வாசிகசாலைப் பலகையிலேயே ஒட்டுங்கள். எங்கள் சோலைவரி எங்கே போகிறது என்பதையும் அதற்குப் பக்கத்தில் ஒரு தாளில் போடுங்கள். வரி கட்டச் சுணங்குகிற சிலர் அதைப் பார்த்தாவது கட்டுவார்கள்.

எங்கள் ஒழுங்கையில் பதினைந்து வீடு. சிரமதானத்துக்கு எல்லோரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். மண்வெட்டி, அலவாங்கு, கடகம் எங்களிடம் உண்டு. சபையிடம் கேட்பது ஒரு நாளைக்கு ஓர் உழவு இயந்திரமும், அள்ளுகிற சேற்றைக் கொட்ட கிணறுகளுக்குத் தூரமான ஓர் இடமும். புரட்டாதியில் எந்தச் சனிக்கிழமை என்றாலும் சரி. திகதியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வரி இறுப்பாளர்