நம் சங்கத்தின் ஆண்டறிக்கை: வளர்ப்புப் பிள்ளைகளும் போதைப் பழக்கமும்

எல்லோருக்கும் வணக்கம். கூட்டத்தில் வாசித்ததைக் குரூப்பிலும் போடச் சொன்னீர்கள், அதனால் அப்படியே போடுகிறேன். மழையால் நின்ற ஒரு கூட்டத்தைத் தவிர மாதக் கூட்டங்கள் எல்லாம் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் அக்கா தனியாக வாசித்துவிட்டார், அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. இந்த வருஷம் நம் நேரத்தில் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டது ஒரே விஷயம், நாம் வளர்க்கும் பிள்ளைகளிடம் வரும் போதைப் பழக்கம். அதைப் பற்றித்தான் இந்த அறிக்கை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் செய்வது தத்து இல்லை, வளர்ப்புப் பராமரிப்பு, அதாவது பிள்ளையைச் சட்டப்படி சொந்தமாக்கிக்கொள்ளாமல் நம் வீட்டில் வைத்து வளர்ப்பது. 2015ஆம் வருஷ இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி குழந்தைகள் நலக் குழு ஒரு பிள்ளையை நம் வீட்டில் விடுகிறது, அதன் செலவுக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் வருகிறது, மாதம் ஒருமுறை வீட்டை வந்து பார்க்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்தப் பார்வை பிள்ளையின் நலனுக்காகத்தான். ஆனால் அதை நினைத்தே நம்மில் பலர் வாயை மூடிக்கொள்கிறோம். பையன் சட்டையில் பீடி நாற்றம் வந்தாலும், உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் அடக்கியிருந்தாலும், "வெளியே தெரிஞ்சா பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்று மூன்று நான்கு மாதம் தள்ளிப்போடுகிறோம். அதற்குள் பழக்கம் வேர்விட்டுவிடுகிறது.

ஆடியில், நம் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு முந்தின வாரம், அம்மாப்பேட்டைப் பக்கம் இருக்கும் ஓர் அக்கா ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் செய்தார். (அவரும் பையனும் சம்மதித்ததால்தான் எழுதுகிறேன். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது, அதனால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பள்ளிக்கூடம் விட்டதும் பையன் ஒரு பஞ்சர் கடைக்குப் போய்வந்திருக்கிறான். தலையணை உறைக்குள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் ட்யூபும் விறைத்துப்போன கைக்குட்டையும் கிடைத்திருக்கின்றன, போதைக்காகச் சொல்யூஷனைத் துணியில் ஊற்றி மோந்திருக்கிறான். உதட்டைச் சுற்றிப் புண் வந்தது இரண்டு வாரமாக அக்காவின் கண்ணில் பட்டிருக்கிறது, சூட்டுக்கொப்புளம் என்று நினைத்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா அடுப்படியில் அழுதுகொண்டிருந்தார். பையன் வாசல்படியில் செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் அவன் பை. யாரும் கட்டச் சொல்லவில்லை, அவனே கட்டியிருக்கிறான். பள்ளிச் சீருடை, ஜியாமெட்ரி பாக்ஸ், சின்ன வயதில் ஹோமில் எடுத்த ஒரு போட்டோ. "எப்ப அண்ணா கிளம்பணும்" என்றுதான் என்னிடம் கேட்டான்.

அன்றைக்கு எனக்குப் புரிந்ததைத்தான் இந்த வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்துவிட்டு நம்மிடம் வரும் பிள்ளை, இந்த வீடும் போய்விடும் என்று முதல் நாளிலிருந்தே எதிர்பார்க்கிறான். அப்பா குடித்துவிட்டு அடித்ததைப் பார்த்தவர்கள், இரண்டு மூன்று இடம் மாறியவர்கள், ராத்திரி தூக்கம் வராதவர்கள், இவர்கள் கையில்தான் மற்ற பிள்ளைகளைவிடச் சீக்கிரமாக இந்தச் சனியன் வந்து சேர்கிறது. மறக்கிறதுக்கும் தூங்குறதுக்கும் அது உதவுவது போலத் தெரிகிறது. அந்த நேரத்தில் "இனி சரிப்படாது, திரும்ப விட்டுடலாம்" என்று நாம் சொன்னால், அவன் பயந்தது நிஜமாகிவிடும்.

அக்கா பையைத் தூக்கி உள்ளே வைத்தார். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. மறுநாள் காலையில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு ஓ.பி.யில் சீட்டுப் போட்டு உட்கார்ந்தோம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அக்காவே போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னார், சிகிச்சையோடு பிள்ளை அதே வீட்டில் தொடரட்டும் என்றுதான் முடிவானது. அதற்கப்புறம் இரண்டு தடவை மறுபடியும் மோந்திருக்கிறான். இரண்டு தடவையும் அவனே வந்து சொன்னான். இப்போது பஞ்சர் கடைக்குப் பதிலாகச் சாயங்காலம் மூக்கனேரிப் பக்கம் ஃபுட்பால் ஆடப் போகிறான். முழுசாக விட்டுவிட்டானா என்று கேட்டால் இன்னும் சொல்ல முடியாது.

இதிலிருந்து எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. சொல்யூஷன், தின்னர் மோந்திருக்கும் பிள்ளையைக் கத்தியோ துரத்தியோ பிடிக்காதீர்கள். அந்த ஆவி இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கக்கூடியது, திடீர்ப் பயத்திலும் ஓட்டத்திலும் துடிப்பே நின்றுபோகலாம். ஜன்னலைத் திறந்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகப் பேசுங்கள். அதேபோல தினமும் குடித்துப் பழகிய பெரிய பையன்களைப் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்தப் பார்க்காதீர்கள், வலிப்பு வரலாம், டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைக்கும் மையங்களுக்குப் பதினெட்டு ஆகாத பிள்ளையை அனுப்பவே கூடாது. வீட்டில் சிறுநீர் டெஸ்ட் கிட் வாங்கி வைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை, வீட்டுக்குள் போலீஸ் வேலை பார்க்க ஆரம்பித்தால் பிள்ளை பேசுவதை நிறுத்திவிடுவான்.

போலீஸ் பயம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1985ஆம் வருஷப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு ஆளானவர் தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்தால், பயன்படுத்தியதற்காக வழக்குக்கு ஆளாகாமல் காக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். பிள்ளைக்கு விற்றவன் கதை வேறு. குழந்தைக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் 7 வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். பிள்ளைகளை வைத்து விற்றாலும் கடத்தினாலும் 78ஆம் பிரிவில் அதே தண்டனை. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் பீடி, சிகரெட் விற்கவே கூடாது. இந்தப் பிரிவுகளை ஒரு தாளில் அடித்துக்கொண்டு குகையிலும் கன்னங்குறிச்சியிலும் கடை கடையாகப் போனோம். சிலர் வாங்கிப் படித்தார்கள், ஒரு கடைக்காரர் கிழித்துப் போட்டார், மறுவாரம் மறுபடியும் போனோம்.

ஏற்காட்டில் நிலைமை வேறு மாதிரி. இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் மேலே, பேரப்பிள்ளைகளை அம்மாயிதான் வளர்க்கிறார், அவர் காபித் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்கப் பிள்ளைகள் தனியாக. சனி ஞாயிறு வந்துபோகிறவர்கள் விட்டெறிந்த பாட்டிலைப் பொறுக்கி விற்கப் போய், அடியில் மிச்சமிருப்பதை ருசி பார்ப்பதில் ஆரம்பிக்கிறது. மலைக்கு மாதம் ஒருமுறைதான் போக முடிந்தது. போதாது, எனக்கே தெரிகிறது.

ஒரு பிள்ளையைக் கைவிட்டுவிட்டோம். பதினெட்டு முடிந்ததும் மாதப் பணம் நின்றது. 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரைகூடப் பின்பராமரிப்பு உதவி வாங்க வழி இருக்கிறது, அதற்கு மனு எழுதிக்கொடுக்க வேண்டியது நான், எழுதவில்லை. வேலைக்கென்று வெளியூர் போனான், அங்கே மாத்திரைப் பழக்கம் என்று கேள்விப்பட்டோம், இப்போது போன் எடுப்பதில்லை. வாரம் ஒருமுறை மெசேஜ் போடுகிறேன். இனி பதினேழு முடிந்தவுடனே மனு தயாராக இருக்க வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறோம்.

நம்பர்களை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வையுங்கள்: குழந்தைகளுக்கு 1098, போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனசு சரியில்லை என்றால் 14416. அப்புறம், ஓ.பி.க்குப் பிள்ளைகளோடு துணைக்குப் போக ஆள் குறைவாக இருக்கிறது. காலை ஏழரைக்கு வண்டியோடு வர முடிந்தவர்கள் பொருளாளர் அக்காவிடம் இருக்கும் நோட்டில் பெயர் எழுதுங்கள், புரட்டாசி வரைக்கும் பக்கங்கள் காலியாக இருக்கின்றன.