ராம் எவ்ளோன்னு போட்டீங்க, ஹிஞ்ச் எப்படின்னு போடலயே

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கெழம இணைப்புல காலேஜ் பசங்களுக்கு 50 ஆயிரத்துக்குள்ள என்ன லேப்டாப் வாங்கலாம்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. ப்ராசஸர், ராம்ங்கற மெமரி, எஸ்எஸ்டிங்கற ஸ்டோரேஜ், வெலைன்னு டேபிள் போட்டு பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதுல இருந்த எட்டும் வீட்டு உபயோகத்துக்குன்னு வர்ற மாடலுங்க, அதே கம்பெனிக்காரங்களே ஆபீசுக்குன்னு தனியா ஒரு வரிசை விக்கறாங்க, அதப்பத்தி ஒரு வரி கூட இல்ல. அதான் இத எழுதறேன், கொஞ்சம் நீளமா போனா நீங்களே வெட்டிக்கோங்க.

நான் திருப்பூர்ல நாலஞ்சு பனியன் கம்பெனிக்கு கணக்கு எழுதறவன், டேலி, எக்செல், ஜிஎஸ்டி ரிட்டர்ன், இவ்ளோதான் நம்ம பொழப்பு. வண்டில முன்னாடி பேக்க வச்சுகிட்டு கம்பெனி கம்பெனியா போவேன், ஒரு நாளைக்கு பத்து தடவயாச்சும் லேப்டாப்ப தெறந்து மூடுவேன். 2021ல 46 ஆயிரம் குடுத்து 15.6 இஞ்ச்ல ஒண்ணு எடுத்தேன், எடுத்ததுக்கு காரணமே சைடுல நம்பர் பேட் இருந்துச்சு, எங்களுக்கு அது இல்லாம கை ஓடாது.

சரியா ரெண்டு வருஷம் ரெண்டு மாசம். ஒரு கட்டிங் யூனிட்ல உக்காந்து மூடிய தூக்கறேன், வலது மூலைல டக்குனு ஒரு சத்தம், ஸ்க்ரீன் ஃப்ரேம் வாயப் பொளந்துகிச்சு. கழட்டிப் பாத்தா ஹிஞ்ச், அதாவது மூடியப் புடிச்சிருக்கற கீலு, என்னவோ நல்ல கெட்டி இரும்புதான், ஆனா அதப் புடிச்சிருக்கற ஸ்க்ரூ எல்லாம் பிளாஸ்டிக்குக்குள்ள பதிச்ச குட்டி பித்தள நட்டுல மாட்டியிருக்கு, ஹிஞ்ச் நாளாக நாளாக இறுகிப்போயி நட்டு பிளாஸ்டிக்கப் பேத்துகிட்டு வெளிய வந்து உள்ள கடலப்பருப்பாட்டம் உருண்டுகிட்டு கெடக்குது. வாரண்டி ஒரு வருஷத்தோட சரி. சர்வீஸ் சென்டர்ல 9 ஆயிரத்து சொச்சம் சொன்னாங்க, நம்ம ஏரியா மெக்கானிக் பையன் அரால்டைட் வச்சு ஒட்டி 600 ரூவா வாங்கினான், அது எட்டு மாசம் தாங்குச்சு. அடுத்தது 5ங்கற கீ செத்துப்போச்சு, சரி கீபோர்ட மட்டும் மாத்துப்பான்னா, அத மேல் கவரோட அம்பது எடத்துல பிளாஸ்டிக்க உருக்கி ஒட்டியிருக்காங்க, கவரோட சேத்துதான் மாத்தணுமாம். பிராண்ட் பேரு வேண்டாம், ஏன்னா அந்த பையன் மேஜைல அன்னைக்கு இதே மாதிரி வாயப் பொளந்துகிட்டு மூணு கெடந்துச்சு, மூணும் வேற வேற கம்பெனி.

அவன்தான் சொன்னான், ஏனுங்ணா, உங்க தொழிலுக்கு ஆபீஸ் மாடல் பழசு ஒண்ணு எடுத்துக்கோங்கன்னு. சும்மா சொல்லல, லெனோவாவோட திங்க்பேட் டி480 ஒண்ண என் முன்னாடியே கவுத்துப் போட்டு கழட்டிக் காட்டினான். ஸ்க்ரூ லூசானாலும் கவர விட்டு வெளிய விழாது, ராமுக்கு ரெண்டு ஸ்லாட் (சொருகற எடம்), பின்னாடி பேட்டரிய கையிலயே உருவிக்கலாம், உள்ள இன்னொரு சின்ன பேட்டரி, கீபோர்டு அடில ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ, எடுத்துட்டு நவுத்தினா கையோட வருது. இதெல்லாம் எப்படிக் கழட்டறதுன்னு கம்பெனியே மேனுவல் போட்டு நெட்ல சும்மா குடுக்குது. 2018ல வந்த மாடல், 21,500 குடுத்து எடுத்தேன். ஒரே வருத்தம் நம்பர் பேட் கெடையாது, 14 இஞ்ச் ஆபீஸ் மாடல்ல அனேகமா எதுலயும் இருக்காது, 400 ரூவாய்க்கு யூஎஸ்பில ஒண்ணு வாங்கி சொருகிக்கிட்டேன்.

பேரு தெரியாம கடைக்கு போனா அவங்க காட்டறதுதான் கெடைக்கும். லெனோவால ஐடியாபேட் வீட்டுக்கு, திங்க்பேட் ஆபீசுக்கு. ஹெச்பில பெவிலியன் (2024ல இருந்து ஆம்னிபுக்னு பேர மாத்திட்டு வர்றாங்க) ஒரு பக்கம்னா ப்ரோபுக், எலைட்புக் இன்னொரு பக்கம். டெல்லுல இன்ஸ்பிரான், லாட்டிட்யூட்னு இருந்துச்சு, 2025ல அந்தப் பேர எல்லாம் எடுத்துட்டு வெறும் டெல், டெல் ப்ரோன்னு மாத்திட்டாங்க. பேருல மட்டும் ஏமாந்துராதீங்க, டெல்லோட வோஸ்ட்ரோவ சின்ன பிசினசுக்குன்னு வித்தாங்க, ஆனா சில மாடல இன்ஸ்பிரான் பக்கத்துல வச்சா ஒரே அச்சுதான். ஆபீஸ் வரிசையிலயும் ரொம்ப ஒல்லியா வர்றதுல ராம போர்டோட சால்டர் பண்ணி கழட்ட முடியாம ஒட்டிடறாங்க, திங்க்பேட் எக்ஸ்1 கார்பன்ல பின்னால ஒரு ஜிபி கூட ஏத்த முடியாது. ராம் வெல ஏறிக் கெடக்கற இந்த நேரத்துல 8 ஜிபி இப்ப வாங்கி இன்னொரு 8 அப்புறமா போட்டுக்கலாம்கறதே பெரிய லாபம், அதுக்கு ஸ்லாட் இருக்கணும்ல.

பழசு வாங்கறதுல வில்லங்கம் இல்லாம இல்ல. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, 11 போடணும்னா இன்டெல் ப்ராசஸர்ல எய்ட்த் ஜென்னாச்சும் (எட்டாவது தலைமுறை) வேணும்னு மைக்ரோசாஃப்ட் வச்சிருக்கு, அதனால ஆபீசுல இருந்து சிக்ஸ்த் ஜென், செவன்த் ஜென் எல்லாம் மூட்டை மூட்டையா வெளிய வருது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஆகட்டும் இங்க ஆகட்டும், ரொம்ப சல்லிசா குடுத்தா எந்த ஜென்னுன்னு மொதல்ல கேளுங்க, எப்படியோ சுத்தி வளைச்சு 11 ஏத்திதான் வச்சிருப்பாங்க, பாத்தா தெரியாது. அப்புறம் கடைலயே ரீஸ்டார்ட் பண்ணி பயாஸ்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்) போய் பாருங்க, திங்க்பேட்னா எஃப்1, டெல்னா எஃப்2, ஹெச்பின்னா எஃப்10. பாஸ்வேர்ட் கேட்டுச்சுன்னா வெச்சுட்டு வந்துருங்க, பழைய ஆபீஸ்காரன் போட்ட பூட்டு அது. புதுசா விண்டோஸ் போடறப்ப ஏதோ கம்பெனி மெயில் ஐடி கேட்டாலும் அதே கததான். பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லி, செஞ்சப்ப எவ்ளோ புடிச்சுது, இப்ப எவ்ளோ புடிக்குதுன்னு ரெண்டு நம்பரையும் பாருங்க. எனக்கு வந்தது பாதிதான் புடிச்சுது, 1,500 கொறைச்சுக் குடுத்தாங்க. ஸ்க்ரீனும் முக்கியமுங்க, ஆபீஸ் மாடல்ல மங்கலா, சைடுல இருந்து பாத்தா வெளுத்துப்போற ஸ்க்ரீன் நெறைய உண்டு, எக்செலுக்கு ஓடிரும், வேற எதுக்கும் ஆகாது.

அதனாலதான் என் பொண்ணுக்கு நானே வீட்டு மாடல்தான் வாங்கினேன். கேட்டா சிரிப்பீங்க. கோயமுத்தூர்ல ஃபேஷன் டிசைன் படிக்கறா, துணியோட கலர் ஸ்க்ரீன்ல ஒண்ணு பிரிண்ட்ல ஒண்ணுன்னு வந்தா அவ வேலயே போச்சு. 52 ஆயிரத்துக்கு ஓஎல்இடி ஸ்க்ரீனோட புதுசு கெடச்சுது, அந்த வெலைக்கு புது ஆபீஸ் மாடல்ல அந்த மாதிரி ஸ்க்ரீன் நான் பாக்கல. ஹாஸ்டல்ல டேபிள் மேலயே இருக்கும், என்ன மாதிரி வண்டில கொண்டு போயி குலுக்கப் போறதில்ல. ஆனா ஒரு வருஷ வாரண்டிய அங்கயே மூணு வருஷமா ஏத்திட்டேன். மூடிய ஒரு மூலைல புடிச்சு தூக்காத, நடுவுல புடிச்சு தூக்குன்னு சொல்லி அனுப்பினேன், ஒரு தடவ சொன்னா போதாதாப்பான்னு கோவிச்சுகிட்டா.

ஜிஎஸ்டி நம்பர் வச்சிருக்கற சின்ன கடைக்காரங்களுக்கு கணக்குக்காரனா ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். 59 ஆயிரத்துக்கு புதுசு எடுத்தா அதுல 9 ஆயிரம் வரி, 18 சதம், பில்லுல உங்க நம்பர் இருந்து தொழிலுக்குத்தான் வாங்கினீங்கன்னா, காம்போசிஷன் ஸ்கீம்ல இல்லாதவங்களுக்கு அது கிரெடிட்டா வந்துரும், கட்ட வேண்டிய வரில கழிச்சுக்கலாம். வருமான வரில கம்ப்யூட்டருக்கு 40 சதம் தேய்மானம் வேற. அவங்க புது ஆபீஸ் மாடலே எடுக்கலாம், மூணு வருஷம் ஆன்சைட் வாரண்டி சேத்து எடுத்தா ஆளு உங்க எடத்துக்கே வந்து பாத்துக் குடுப்பாங்க. பில்லுல ஆன்சைட்னு எழுதியிருக்கான்னு பாருங்க, வாயில சொல்றத நம்பாதீங்க, ஆபீஸ் மாடல்லயே ஒரு வருஷம் மட்டும் போட்டு விக்கறதும் உண்டு.

அடுத்த தடவ டேபிள் போடறப்ப இன்னும் மூணு கட்டம் சேத்துப் போடுங்க. ஹிஞ்ச் இரும்புல மாட்டியிருக்கா பிளாஸ்டிக்லயா, ராம் சால்டரா ஸ்லாட்டா, கீபோர்டு தனியா கழலுமா. கடைக்காரங்க பேப்பர்ல இதெல்லாம் இருக்காதுங்க, நான் நாலு கடைல கேட்டுப் பாத்தேன், ஒருத்தருக்கும் தெரியல, கஸ்டமர் கேர்ல ஒருத்தரு ஹிஞ்ச்னா என்ன சார்னு என்னயே திருப்பிக் கேட்டாரு. உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு போன் போனா கம்பெனிக்காரங்க பதில் சொல்லித்தான ஆகணும்.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் வாசகர் ஒருவர்,
திருப்பூர்