பிரவுசிங் சென்டரில் பக்கத்து சிஸ்டத்தில் இருந்த அண்ணனுக்கு

போன வியாழன் சாயங்காலம், திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் பக்கம். மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு ஏதோ பிரிண்ட் எடுக்க வந்திருந்தீர்கள். இது உங்கள் கண்ணில் படுமா தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

இன்டர்ன்ஷிப்புக்கு மறுநாள் காலைக்குள் என் வெப்சைட் லிங்க்கை அனுப்ப வேண்டும். வீட்டு லேப்டாப்பில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது, வெப்சைட்டை நெட்டில் போட உதவும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றியதும் என் போட்டோ இருந்த இடத்தில் உடைந்த படக்குறி, அடுத்த பக்கத்தைத் தட்டினால் 404, அதாவது பக்கமே இல்லை என்ற எரர். அழித்து அழித்துத் திரும்ப ஏற்றியே ரெண்டு மணி நேரம் போய்விட்டது.

"தம்பி, ஃபைல் பேரைப் பாருங்க" என்றீர்கள், நான் கேட்காமலேயே. கோடில் எழுதியிருந்ததெல்லாம் இங்கிலீஷ் சின்ன எழுத்து, ஃபைல் பேரோ பெரிய (கேபிடல்) எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், கிட்ஹப் சர்வர் விடாது என்று சொல்லிவிட்டு, மௌஸைத் தொடாமல் என்னையே மாற்ற வைத்தீர்கள். (எங்கள் லேபில் யாரும் அப்படி விடமாட்டார்கள், பிடுங்கிக்கொள்வார்கள்.) 4 எம்பி போட்டோவைச் சுருக்கச் சொன்னதும் நீங்கள்தான். மாற்றியதும் உடனே வராது, ஒரு நிமிஷம் பொறுங்க என்று சொல்லி, உங்கள் போனிலேயே திறந்து காட்டினீர்கள். வந்துவிட்டது!

கிளம்பும்போது 60 ரூபாயை நீட்டினால், அந்த அண்ணன் கொடுத்துட்டாரே என்கிறார் கடைக்காரர். வெளியே ஓடிவந்து பார்த்தேன், பைக் போய்விட்டது.

ரொம்ப நன்றி அண்ணா. இப்போது என் ஃபைல் பேரெல்லாம் சின்ன எழுத்துதான்.