பயிற்சி வகுப்புகளை நிறுத்துகிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எங்களிடம் படித்தவர்களுக்கும், படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும், கல்யாண சீசனில் பாதி ராத்திரிக்கு வந்து கதவைத் தட்டிய ஸ்டுடியோ நண்பர்களுக்கும் வணக்கம்.

வரும் மார்ச் 31-ஆம் தேதியோடு மதுரையில் நாங்கள் நடத்திவரும் மீடியா பயிற்சி மையத்தை மூடுகிறோம். உங்களில் பாதிப் பேருக்கு இது முன்பே தெரிந்திருக்கும். சிம்மக்கல்லில் ஒரு பேச்சு கிளம்பினால் மாட்டுத்தாவணி போய்ச் சேர அரை மணி நேரம் போதும். போகிற வழியில் அது கொஞ்சம் வளர்ந்தும் விட்டது. கடன் தொல்லை என்று ஒருவர் சொன்னாராம், நான் சென்னைக்குப் போய் சினிமாவில் சேரப்போகிறேன் என்று இன்னொருவர். இரண்டும் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் பணம். இப்போது நடக்கும் எடிட்டிங் வகுப்பும் குரல் பயிற்சி வகுப்பும் மார்ச் மாதத்துக்குள் முழுதாக முடிக்கப்படும், எதையும் சுருக்க மாட்டோம். ஏப்ரல் வகுப்புக்கு முன்பணம் கட்டியவர்களுக்கு முழுத் தொகையும் திருப்பித் தரப்படும். ஏதோ காரணத்தால் நடுவில் நின்றுபோனவர்களுக்கு மீதி வகுப்புகளுக்கான தொகை உண்டு. ரசீது தொலைந்திருந்தால் பரவாயில்லை, எங்கள் பதிவேட்டில் இருக்கிறது. தவணையில் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இனிமேல் எதுவும் கட்ட வேண்டாம். இன்னொன்று: எங்கள் வகுப்பை வேறு யாரும் எடுத்து நடத்தவில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு யாராவது உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சரி, ஏன் மூடுகிறோம்?

2009-இல் நாங்கள் ஆரம்பித்தபோது எங்களிடம் வந்தவர்களில் பலர் படிக்க வரவில்லை, இயந்திரத்தைத் தேடி வந்தார்கள். எடிட்டிங் செய்யத் தாங்குகிற ஒரு கணினி, மினி டிவி (MiniDV) என்ற சின்ன டேப்பில் பதிவாகும் கேமரா, டேப்பிலிருந்து காட்சியை இறக்க ஒரு டெக், நல்ல மைக், சத்தம் புகாத ஒரு சின்ன அறை. இத்தனையும் சேர்த்து வாங்குவது ஒரு கல்யாண வீடியோக்காரருக்கு அன்று நினைத்துப் பார்க்க முடியாத செலவு. வெளிப்படையாகச் சொன்னால், நீங்கள் கட்டிய கட்டணத்தில் பெரும்பங்கு இயந்திர வாடகைதான். பாடம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. 2012-இல் நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் மதுரை தவித்தபோது, எங்களிடம் ஜெனரேட்டர் இருந்ததே ஒரு தகுதியாகிப் போனது. அந்த வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பாடத்துக்காகச் சேர்ந்தார்கள் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

எங்கள் நல்ல காலமும் அதுதான். 2011-இல் புதிய தலைமுறை, 2012-இல் தந்தி டிவி, 2014-இல் நியூஸ் 7 தமிழ் என்று செய்திச் சேனல்கள் அடுத்தடுத்து வந்தன. மாவட்டந்தோறும் செய்தியாளர், ஒளிப்பதிவாளர், டெஸ்கில் எடிட்டர் என்று ஆள் தேவைப்பட்டது. எங்களிடமிருந்து போனவர்கள் அங்கேயும் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறார்கள். அதே காலத்தில் 2011 ஜூனில் ஆப்பிளின் எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் வெளியானது. அதற்கு முந்தைய ஏழாம் பதிப்பில் செய்துவைத்த ப்ராஜெக்ட் எதையும் அது திறக்கவில்லை. ஏழில் பயிற்சி பெற்றவர்களை மறுபடி கூப்பிட்டு, காசு வாங்காமல் பிரீமியர் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளைச் சொல்லிக்கொடுத்தோம். ஒரு மென்பொருளை மட்டும் கற்றுக்கொண்டவனுக்கு அந்த மென்பொருளோடு வேலையும் போய்விடும் என்பது எங்கள் எல்லோருக்கும் அப்போது உறைத்தது.

அப்புறம் செலவுகள் ஒவ்வொன்றாக இறங்கின. டேப் போய் மெமரி கார்டு வந்தது. டாவின்சி ரிசால்வ் போன்ற பெரிய மென்பொருள் இலவசப் பதிப்பாகவே கிடைக்க ஆரம்பித்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. அதுவரை யூடியூபில் பாடம் பார்ப்பதென்றால் யோசித்தவர்கள், பஸ்ஸில் போகும்போதே பார்த்து முடித்தார்கள். நானும் அந்தப் பாடங்களைப் பார்த்தேன். நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள், சில பையன்கள் என்னைவிடப் பொறுமையாக. அதில் இரண்டு பேர் நம் மாணவர்கள். இலவசமாக நல்ல பாடம் கிடைக்கும்போது காசு கொடுத்து எங்களிடம் வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இலவசமாகக் கிடைக்காதது ஒன்று உண்டு: பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிற ஆள். உங்களில் குரல் வகுப்புக்கு வந்தவர்களுக்கு, அதை எடுக்கும் நம் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. செய்தித்தாளைக் கொடுக்க மாட்டார். முதல் நாள் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார். "நிகழும் மங்களகரமான" என்று ஆரம்பித்தால் வருடம், மாதம், திதி, நட்சத்திரம், இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி பெயர், மண்டபம் என்று போய் வினைச்சொல் கடைசியில்தான் வரும். எங்கே மூச்சு விடுவது, எந்தப் பெயரை அழுத்துவது, எதைத் தாழ்த்திக் கடந்து போவது என்று தெரியாதவர் நடுவழியில் மாட்டிக்கொள்வார். பத்திரிகையைச் சரியாக வாசித்துவிட்டால் அவருக்குப் பிறகு எந்தச் செய்தியும் கஷ்டமில்லை. ல, ள, ழ எல்லாம் அதற்குப் பின்னால்தான். இந்த வகுப்பை மட்டும் தனியாக, குறைந்த கட்டணத்தில் நடத்திப் பார்த்தோம். பாராட்டாதவர் இல்லை, சேர்ந்தவர் சொற்பம். இயந்திரம் காட்டினால் கொடுத்த பணத்தைக் காதுப் பயிற்சிக்கு யாரும் கொடுப்பதில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு வேறு. மைக் முன்னால் பேசப் பயிற்சி. டாக்டர்கள், தொண்டு நிறுவனக்காரர்கள், கல்லூரி முதல்வர்கள் எல்லாம் வருவார்கள். ஆனால் உள்ளாட்சித் தேர்தல்தான் அதற்கு சீசன். 2016-இல் நடக்க வேண்டிய தேர்தல் தள்ளிப்போய், பெரும்பாலான மாவட்டங்களில் கிராமப்புறங்களுக்கு 2019 டிசம்பரிலும், நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரியிலும் நடந்தது. எங்கள் வகுப்பும் கூடவே தள்ளிப்போனது! உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்த பிறகு நடந்த தேர்தல்கள் அவை. அதுவரை மைக்கைத் தொட்டே பார்க்காத பெண்கள் வந்தார்கள், முதல் நாள் கணவரோ அண்ணனோ கூட வருவார், அந்தப் பெண்ணுக்குப் பதிலாக அவரே பேசுவார். அவரை வெளியே டீ குடிக்க அனுப்புவதுதான் முதல் பாடம். பதிலை முதல் வரியிலேயே சொல்லுங்கள், தெரியாததை விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள், கேமராவைப் பார்க்காமல் கேட்டவரைப் பாருங்கள். இவ்வளவுதான் விஷயம். இதைப் பழக ஒரு வாரம் பிடிக்கும், மறக்க ஆயுசு போதாது. இன்றைக்கு அவர்கள் போனை எடுத்துத் தாங்களே பேசிப் போட்டுவிடுகிறார்கள். நல்லதுதான்.

செயற்கை நுண்ணறிவு வந்துதான் மூடுகிறோமா என்று சிலர் கேட்டார்கள். 2023 ஜூலையில் ஒடிசாவில் ஒரு சேனல் லிசா என்ற கணினிச் செய்தி வாசிப்பாளரைத் திரைக்குக் கொண்டுவந்தபோது, "சார், இனிமேல் நமக்கு வேலை இருக்காதா?" என்று போன் மேல் போன். செய்தி வாசிப்பாளர் வேலை எப்போதும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தது. நம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது உள்ளூர்க் கேபிள் விளம்பரம், ஆட்டோவில் கட்டிப் போகும் ஒலிபெருக்கி அறிவிப்பு, ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக் குரல். அந்தச் சின்ன வேலைகளைத்தான் கணினிக் குரல் எடுத்துக்கொண்டது. ஊர்ப் பெயரிலும் இனிஷியலிலும் அது இன்னும் தடுக்கி விழுகிறது. கடைக்காரருக்கு அது பெரிதில்லை. ஆக, இது ஒரு காரணம், ஆனால் கடைசிக் காரணம்.

கொரோனாவின்போது ஆன்லைனில் நடத்தினோம், ஓரளவுக்கு ஓடியது. அதற்குப் பிறகு வகுப்பறை பழையபடி நிறையவே இல்லை. இன்னும் இரண்டு வருடம் இழுத்திருக்கலாம், முடியாதது இல்லை. ஆனால் அப்படி இழுக்கும் மையங்கள் எப்படி முடியும் என்று தெரியும்: புதிதாகச் சேருகிறவரின் முன்பணத்தில் பழைய வாடகை போகும், ஒரு நாள் பூட்டு தொங்கும், வாசலில் பெற்றோர்கள் நிற்பார்கள். யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி இல்லாமல் நிறுத்தக்கூடிய நிலை இப்போது இருக்கிறது. அடுத்த வருடம் இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் இப்போது.

சான்றிதழ் பற்றி. எங்கள் சான்றிதழுக்கு அரசு அங்கீகாரம் கிடையாது, சேரும்போதே சொல்லியிருக்கிறோம். அதன் மதிப்பெல்லாம், வேலை கொடுப்பவர் எங்களுக்குப் போன் போட்டு "இந்தப் பையன் எப்படி?" என்று கேட்பதில்தான் இருந்தது. அந்த எண் மாறாது, பதிவேடும் என்னிடமே இருக்கும், கேட்டால் பதில் சொல்வேன். நகல் வேண்டுமென்றால் மார்ச் 15-க்குள் சொல்லிவிடுங்கள்.

இனி எங்கே படிப்பது என்று கேட்பவர்களுக்கு: ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி என்று முறையாகப் படிக்க விரும்பும் பிள்ளைகள் சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். பெயரிலான அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம்தான். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்க நினைப்பவர்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் அங்கே எத்தனை கேமரா இருக்கிறது என்று கேட்காதீர்கள், மாணவர் கையில் அது எத்தனை நாள் இருக்கும் என்று கேளுங்கள். குரல் வளம் உள்ளவர்கள் ஆகாசவாணியின் பகுதிநேர அறிவிப்பாளர் தேர்வைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

ஸ்டுடியோ நண்பர்கள் வாரம் தவறாமல் கேட்கும் தமிழ் எழுத்துக் குழப்பத்துக்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன், இனிமேல் ஆள் கிடைக்காது. யூனிகோடில் தட்டச்சு செய்ததும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் எழுத்துருவில் கோளாறு இல்லை. பிரீமியரின் அமைப்புகளில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய், எழுத்து எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றுங்கள். புதிதாகத் தட்டச்சு செய்தால் சரியாக வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த ஆல்பங்களை வேறு கணினியில் திறந்தால் எல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அந்த எழுத்துருக் கோப்பையும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்காக நீங்கள் எங்கள் ஹார்ட் டிஸ்க்குகளில் விட்டுப்போன காட்சிகள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் யாருடைய வீட்டுக் கல்யாணமோ, காதணி விழாவோ. ஏப்ரல் 30 வரை வந்து எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அழித்துவிடுவோம். எங்கள் விளம்பரத்துக்கோ வேறு எதற்கோ அவற்றைப் பயன்படுத்த மாட்டோம், யாருக்கும் தரவும் மாட்டோம். கணினிகள், விளக்குகள், ஸ்டாண்டுகள், நாமே செய்த டெலிபிராம்ப்டர் ஆகியவை விற்பனைக்கு. பழைய மாணவர்களுக்கே முதலில். விலையில் பேரம் உண்டு, ஆனால் அக்காவிடம் பேச வேண்டும்.

அக்கா கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போகிறார். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்துகொடுக்கும் வேலையைச் சில வருடங்களாகவே செய்துவந்தார், இனி அதுதான் முழுநேரம்.

நான் ஊரை விட்டு எங்கும் போகவில்லை. பழைய டேப்புகளைக் கணினிக்கு மாற்றிக்கொடுக்கும் வேலையை வீட்டிலேயே தொடங்குகிறேன். எல்லோரும் வேண்டாம் என்று ஒதுக்கிய மினி டிவி கேமராவையும் டெக்கையும் விசிஆரையும் கேசட் பிளேயரையும் நான் விற்காமல் வைத்திருந்தது இப்போது உதவுகிறது. விசிஆர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமும் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. இருப்பதைக் கழற்றிப் பூட்டித்தான் ஓட்ட வேண்டும். ஒரு மணி நேர டேப்பை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும், அதைவிட வேகமாக ஓட்ட வழியில்லை, ஆகவே அவசரப்படுத்தாதீர்கள். கல்யாண வீடியோவைவிட எனக்கு ஆசை ஆடியோ கேசட்டுகள் மேல். மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகங்கள், திருவிழாவில் விடிய விடிய நடந்த வள்ளி திருமணமும் அரிச்சந்திராவும், யாரோ மேடைக்குப் பக்கத்தில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்தவை, பல வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அவற்றுக்குக் கட்டணம் வாங்குவதாக இல்லை, ஒரு பிரதி எனக்குக் கொடுத்தால் போதும்.

டேப்பின் மேல் வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தால் அது பூஞ்சை. ஓடுகிறதா என்று வீட்டில் போட்டுப் பார்க்காதீர்கள், டேப்பும் கெடும், பிளேயரின் ஹெட்டும் கெடும். வெயிலிலும் காய வைக்க வேண்டாம். அப்படியே ஒரு காகித உறையில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது, எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருடம் என்று தெரிந்த மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள். ஏப்ரல் இரண்டாவது வாரத்திலிருந்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் எடிட்டிங் சார்