படத்தின் பாதியை வெட்டலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், 1658இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் முதலாம் லியோபோல்டு புனித ரோமப் பேரரசராக முடிசூடிக்கொண்டதைக் காட்டும் பழைய செப்புத்தகட்டு அச்சுப்படத்தை வெளியிட்டிருந்தீர்கள். அருமையான தேர்வு. ஆனால் படத்தின் கீழ்ப்பாதியை வெட்டிவிட்டு, 'ரோமர்' என்ற நகர்மன்றக் கட்டடத்தையும் அதன் சன்னல்களையும் மட்டும் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. விழா நடப்பதே அந்தக் கீழ்ப்பாதியில்தான்!

தேவாலயத்துக்குள் மகுடம் சூட்டுவதைப் பார்க்க ஊர்ச்சனத்துக்கு ஏது இடம்? அவர்களுக்கான விழா அப்புறம் நகர்மன்றத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் நடக்கும். மரக்கொட்டகை போட்டு முழு மாட்டை நெருப்பில் வாட்டுவார்கள். பக்கத்திலேயே ஓர் ஊற்றில் தண்ணீருக்குப் பதில் ஒயின் வழியும். இன்னொரு புறம் ஓட்ஸ் தானியம் அம்பாரமாய்க் குவிந்திருக்கும். அரண்மனை மார்ஷல் என்ற உயர் அதிகாரி குதிரையோடு அந்த அம்பாரத்துக்குள் புகுந்து, வெள்ளி மரக்காலில் தானியத்தை மொண்டு, தலைதட்டி அளந்து எடுத்துப் போவார். புதிய பேரரசரின் லாயத்துக்குத் தீவனம் வந்துவிட்டது என்று அர்த்தம். குவியல் குதிரையின் மார்பளவு இருக்க வேண்டும் என்பதைக்கூட பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு விதி வகுத்து 1356இல் பேரரசர் நான்காம் சார்லஸ் பிறப்பித்த 'பொன் முத்திரை ஆணை' எழுதிவைத்திருக்கிறது. இறைச்சித் துண்டு, கோப்பை ஒயின், கை கழுவத் தண்ணீர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரபு வருவார். பேரரசர் மேலே சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தச் சடங்கு முடிந்ததும் மிச்சமெல்லாம் சனங்களுக்குத்தான். காசை வாரி இறைப்பார்கள். தானியத்தை அள்ளவும், ஒயினைப் பிடிக்கவும், மாட்டிறைச்சியில் ஒரு துண்டு பிய்க்கவும் ஊரே முட்டி மோதும்.

1658 என்ற ஆண்டையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜெர்மன் நாடுகளைச் சீரழித்த முப்பதாண்டுப் போர் ஓய்ந்து பத்து வருஷம் முழுசாக ஆகவில்லை. பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் பார்த்த தலைமுறை அது. முந்தைய பேரரசர் 1657 ஏப்ரலில் இறந்த பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அந்தச் சிம்மாசனம் காலியாகவே கிடந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் பட்டத்துக்கு வருகிறார், சதுக்கத்தில் தானியம் குவிகிறது. அந்தக் கூட்டத்துக்கு மகுடத்தைவிட அந்தக் குவியல்தான் பெரிய சேதியாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. படத்துக்குக் கீழே 'நேரில் கண்ட காட்சி' என்று போட்டிருந்தீர்கள். அதுவும் சரியில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவற்றை ஒரே தகட்டில் ஒரே நேரத்தில் நடப்பதுபோல் காட்டுவது இந்த வகைப் படங்களின் வழக்கம். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கோடு கீறி, அமிலத்தில் இட்டு அரிக்க வைத்து, மை தடவி அச்சிடுவார்கள். பட்டறையில் உட்கார்ந்து நிதானமாகச் செய்கிற வேலை அது. தகட்டில் வரைந்தது தாளில் இடம்வலம் மாறி விழும் என்பதால் எல்லாவற்றையும் திருப்பி யோசித்து வரைய வேண்டும். இவ்வளவு பாடுபட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே! அந்த விழாப் படங்களை அதே ஆண்டு தொகுத்து வெளியிட்டவர் காஸ்பர் மெரியன். பிராங்க்பர்ட்டில் பேர்போன அச்சுக் குடும்பம். சூரினாம் நாட்டுப் பூச்சிகளை வரைந்து புகழ்பெற்ற மரியா சிபில்லா மெரியன் இவருடைய தங்கைதான், வேறு தாய்க்குப் பிறந்தவர்.

அடுத்த இதழிலாவது இந்தப் படத்தை வெட்டாமல் நடுப்பக்கத்தில் முழுசாகப் போடுங்கள். மாட்டுக் கொட்டகையும் தானியக் குவியலும் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கட்டும். வெளியிட்டவர் பெயர், ஆண்டு, மூலப்படம் இப்போது இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
வாசகர், திருச்சி