கிளாட்டை மறுபடி எழுதட்டும், மே மாத விண்ணப்பத்தை விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் 27 ஆண்டுகளாக வழக்கறிஞர் குமாஸ்தாவாக வேலை பார்க்கிறேன். கெடு தேதி பார்ப்பதுதான் என் பிழைப்பு. மேல்முறையீட்டுக் கட்டு ஒரு நாள் பிந்திப் போனாலும், தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போட்டுவிட்டு நிற்க வேண்டும். அப்படிப்பட்ட நானே என் மகளின் சட்டப் படிப்பு விஷயத்தில், நம் மாநிலச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு மே மாதம் விண்ணப்பிக்கும் கெடுவைக் கோட்டை விடப் பார்த்தேன். 2025 டிசம்பர் 7 ஆம் தேதி அவள் கிளாட் தேர்வை, அதாவது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வை, இரண்டாம் முறை எழுதுகிறாள். அன்றைக்கு முதல் முறை எழுதும் பிள்ளைகள் பலருடைய வீட்டில் அதற்கடுத்த மே மாதம் இதே குழப்பம் வரும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் முறை அவள் எழுதியது 2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த மறுநாள். தேர்வு மதியம் இரண்டு மணிக்குத்தான் என்றாலும், மழையை நம்ப முடியாமல் விடியற்காலையிலேயே திருச்சிக்குப் பஸ் ஏறிவிட்டோம். நான்கு மணிக்கு வெளியே வந்தவள் வினாத்தாளைச் சுருட்டி துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். தஞ்சாவூர் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, "அப்பா, எனக்குத் தெரியாத கேள்வி கம்மிதான். படிச்சு முடிக்கத்தான் நேரம் இல்லை" என்றாள்.

120 கேள்விகள், இரண்டு மணி நேரம். எல்லாமே ஆங்கிலத்தில் பத்தி பத்தியாகக் கொடுத்து அதிலிருந்து கேட்பவை. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். விடைக்குறிப்பு வந்ததும் அவளே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். எழுதியது 84, சரி 62, தவறு 22. ஐந்தரை கழிந்து ஐம்பத்தாறரை. 36 கேள்விகளைத் தொடவே இல்லை. சுமாராகப் படிப்பவள் இல்லை அவள். பிளஸ் ஒன் முடியும்வரை இப்படி ஒரு தேர்வு இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நீதிமன்ற வளாகத்திலேயே பிழைக்கும் எனக்கே தெரியாது. அதைச் சொல்ல இன்றைக்கும் மனம் வலிக்கிறது.

இந்தத் தேர்வு ஆண்டுக்கு ஒரு முறைதான். பொறியியலுக்கான ஜேஇஇ மெயின் ஜனவரியில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை நடக்கிறது. இரண்டில் எது கூடுதலோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் சட்டப் படிப்புக்கான எல்சாட் தேர்வையும் ஆண்டுக்குப் பல முறை நடத்துகிறார்கள். கிளாட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறினால் முழுதாக ஓர் ஆண்டு போயிற்று. முன்பு பிளஸ் டூ தேர்வு முடிந்த பிறகு கோடையில் நடந்துகொண்டிருந்தது. 2022 இல் ஜூனில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என இரண்டு கிளாட் நடந்தன. அதிலிருந்து டிசம்பர் என்றே ஆகிவிட்டது. பிளஸ் டூ பாடம் முடியாத நேரம், அரையாண்டுத் தேர்வு வாசலில் நிற்கும் நேரம். நம் பிள்ளைகள் பலருக்கு முதல் முறை எழுதுவது ஒத்திகையாகவே முடிந்துவிடுவது இதனால்தான். மறுமுறை எழுதுவதில் எந்தத் தலைக்குனிவும் இல்லை.

2024 டிசம்பரில் எழுதியவர்களுக்கு இன்னொரு சோதனையும் வந்தது. விடைக்குறிப்பில் பிழை என்று வழக்கு. 2024 டிசம்பர் 20 அன்று டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி இரண்டு விடைகளைத் திருத்தச் சொன்னார். அப்புறம் மேல்முறையீடு. பிற மாநிலங்களில் இருந்த வழக்குகளையும் உச்ச நீதிமன்றம் டெல்லிக்கே மாற்றியது. 2025 ஏப்ரல் 23 இல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வின் தீர்ப்பு. மே 7 இல்தான் உச்ச நீதிமன்றத்தின் இறுதி உத்தரவு வந்தது. அதற்கு மறுநாள் பிளஸ் டூ முடிவு. வழக்கென்றால் இழுக்கும் என்பது எனக்குப் பழகிய விஷயம். ஓரிரு மதிப்பெண்ணில் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்த ஐந்து மாதமும் இடம் உண்டா, மறுபடி படிக்க வேண்டுமா என்று தெரியாமல் எப்படித் தவித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

மே மாதத்துக்கு வருகிறேன். மறுபடி எழுதுவது என்று மகள் முடிவு செய்துவிட்டாள். ஒரு பயிற்சி மையத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர், "ஒரு வருஷம் டிராப் எடுங்க சார். எந்தக் காலேஜிலும் சேர்க்காதீங்க. சேர்ந்துட்டா டிசி மாட்டிக்கும், கிளாட் எழுதவும் விட மாட்டாங்க" என்றார். கட்டணம் 90,000 ரூபாய். நானும் நம்பிவிட்டேன். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. வேண்டாம் என்று இருந்துவிட்டேன். கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது எங்கள் வக்கீல் ஐயா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கிளாட் அறிவிப்பை நீ படித்தாயா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். படித்திருக்கவில்லை.

அன்றிரவு மகளும் நானும் வரிக்கு வரி படித்தோம். அறிவிப்பில் உச்ச வயது வரம்பு இல்லை. பிளஸ் டூவில் பொதுப் பிரிவினர் 45 சதவீதமும், பட்டியல் சாதி, பழங்குடியினர் 40 சதவீதமும் எடுத்திருந்தால் போதும். வேறு கல்லூரியில் படிப்பவர் எழுதக் கூடாது என்று எங்குமே இல்லை. மறுநாள் காலையிலேயே சட்டப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தோம். இங்கே நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. அவர்கள் இதை விடவே கூடாது. என் மகளுக்குத் திருச்சி அரசு சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

இதில் ஒரு நஷ்டக் கணக்கும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. கிளாட்டில் இடம் கிடைத்தால் அங்கே முதலாம் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். நடுவில் நுழைந்து சேர்வதை இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள் அனுமதிப்பதில்லை. அதாவது திருச்சியில் படிக்கும் இந்த ஓர் ஆண்டு கணக்கில் வராது. வீட்டில் உட்கார்ந்தாலும் அந்த ஆண்டு போகத்தான் போகிறது. ஆனால் கிளாட்டில் இடம் கிடைக்காவிட்டால் அவள் அடுத்த ஆண்டு இரண்டாம் ஆண்டு மாணவி. வீட்டில் உட்கார்ந்திருந்தால் மறுபடி பிளஸ் டூ சான்றிதழோடு வரிசையில் நிற்பாள். எங்கள் தெருவில் ஒரு பையன் அப்படித்தான் ஓர் ஆண்டு அறைக்குள்ளேயே படித்தான். இடம் வரவில்லை. அந்தச் சோர்வில் மே மாத விண்ணப்பத்தையும் போடாமல் விட்டான். இப்போது செல்போன் கடையில் நிற்கிறான். நல்ல பேச்சுத் திறமை உள்ள பிள்ளை.

மகள் சட்டக் கல்லூரியில் சேர்ந்தது தேர்வுக்கும் உதவுகிறது. ஒப்பந்தம், தீங்கியல் (பிறர் இழைத்த தீங்குக்கு ஈடு கேட்கும் சட்டம்) எல்லாம் இப்போது அவளுக்கு அன்றாடப் பாடம். சட்டப் பகுதிப் பத்திகளில் போன ஆண்டு இருந்த பயம் இல்லை. காலை ஐந்து மணிக்குச் சமையலறை மேடையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு ஆங்கிலப் பேப்பர் தலையங்கம் படிக்கிறாள். ஒன்றை முடிக்க ஏழு நிமிடம் எடுத்தவள் இப்போது மூன்றே முக்காலில் முடிக்கிறாள். ஓரத்தில் பென்சிலால் நேரத்தைக் குறித்து வைப்பாள். அந்தப் பேப்பர்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட என் மனைவி விடுவதில்லை.

பெற்றோர் பணத்தையும் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். கிளாட் கலந்தாய்வில் பதிவு செய்யவே 2025 சேர்க்கையில் பொதுப் பிரிவினருக்கு 30,000 ரூபாய் கேட்டார்கள். அழைப்பு வந்தபின் சில நாள் அவகாசம்தான். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுச் செலவு இரண்டு லட்சத்தைத் தாண்டும். அரசு சட்டக் கல்லூரியில் சில ஆயிரங்களோடு முடிகிறது.

உங்கள் பத்திரிகை வழியாக இரண்டு வேண்டுகோள். கிளாட் கலந்தாய்வுப் பட்டியல்கள் எந்த ஆண்டு தாமதமானாலும், நம் சட்டப் பல்கலைக்கழகம் விண்ணப்பத்தின் கடைசித் தேதியை அதை அனுசரித்துத் தள்ளி வைக்க வேண்டும். முதல் பருவத் தேர்வு அட்டவணையில் டிசம்பர் முதல் ஞாயிறை ஒட்டிய இரண்டு நாட்களையாவது காலியாக விட வேண்டும். கிளாட்டை மறுமுறை எழுதும் பிள்ளைகள் அந்தப் பல்கலைக்கழகத்தின் வகுப்பறைகளிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
கும்பகோணம்.